‘வெறும் சிப்பி’ என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொல்லியல் இடமான குவார் கெப்பா பற்றிய கட்டுரையில், "தங்கமோ சிலையோ இல்லை, வெறும் சிப்பி ஓடும் எலும்பும்தான் கிடைத்தன" என்று ஒரு வரி. அந்த ‘வெறும்’ என்ற சொல்லைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் கெப்பாலா பத்தாஸ்காரி, முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுத்தவள். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது.

மலாயில் கெப்பா என்றாலே சிப்பிதான், உங்களுக்குத் தெரியாததா ஐயா? அந்த இடம் இன்றைக்குக் கடலை விட்டு எவ்வளவோ உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே கடல் சிப்பி மேடு மேடாகக் குவிந்து கிடந்ததால்தானே அன்றைக்குக் கரை பக்கத்தில் இருந்தது, அந்த மக்கள் தின்று ஓடு போட்ட இடத்திலேயே தங்கள் இறந்தவர்களையும் புதைத்தார்கள் என்பதெல்லாம் தெரிகிறது! 2017-இல் காட்சியகம் கட்டத் தோண்டியபோது கிடைத்த, ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வைத்த எலும்புக்கூட்டுக்கு ஏறக்குறைய 5,700 வயது. அவளும் ‘வெறும் எலும்பு’தானா?

சுண்ணாம்புக்காகவே அந்த மேடுகளைத் தோண்டி அழித்தார்கள். முன்பு எடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்துக்குப் போயின. மிச்சம் இருப்பதையாவது மதிக்க வேண்டாமா?

ஒருமுறை அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவி சிப்பி ஓடுகளை அடுக்கி வைத்திருந்தாள். ஓட்டை வெயிலில் பிடித்தால் வரி வரியாக வளையம் தெரியும், அதை அறுத்துப் பார்த்தே எந்தப் பருவத்தில் பிடித்த சிப்பி என்று சொல்கிறார்கள் என்று அழகாக விளக்கினாள். நடுவராக வந்தவர், "குப்பையை எதுக்கு மேசையில வச்சிருக்கீங்க, டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளை ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு ஓடாக எடுத்துத் துணிப்பையில் போட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கீழடிச் செய்திகளிலும் இதே கதைதான். தங்க நகைக்குப் பெரிய படம், அங்கே கிடைத்த மாடு, எருமை, ஆட்டு எலும்புகளுக்கு ஒரு வரி இல்லை. பழனி பக்கம் பொருந்தலில் ஈமக்குழிக்கு கி.மு. 490 என்று காலம் சொன்னது பானையில் இருந்த நெல், தங்கம் இல்லை. அப்போதே எழுதினேன், நீங்கள் போடவில்லை. சரி, அது பழைய கதை.

அடுத்த ஞாயிறு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் திருத்தம் போடுங்கள். அப்புறம், மாணவர் பக்கத்தில் வளையம் தெரிகிற மாதிரி ஒரு சிப்பிப் படம், உள்ளங்கை அளவு போதும். சந்தையில் வாங்கிய சிப்பிதான், ஓடு நானே கழுவி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
கெப்பாலா பத்தாஸ், பினாங்கு