திருப்பங்களுக்குப் பெயர் வைக்குமுன்

கொழும்பு 6

அன்பின் ரகு,

கடிதமும் அட்டவணையும் கிடைத்தன. வெள்ளவத்தையில் பின்னேரமானால் மழைதான். மற்றப்படி எல்லாரும் சுகம்.

புரதச் சங்கிலி மடங்கித் திரும்பும் இடங்களை, அதாவது பீற்றா திருப்பங்களை, உன் கணினி நிரல் வகைப்படுத்தியபோது பாதிக்கு மேல் நான்காம் வகையில் விழுகின்றன என்று எழுதியிருந்தாய். மச்சான், நான்காம் வகை ஒரு வகையே இல்லை; வேறெதிலும் அடங்காததைத் தள்ளிவிடும் மூலை. நல்ல கட்டமைப்புகளிலும் பழைய முறைப்படி ஏறத்தாழ மூன்றிலொன்று அங்கே போகும். பாதியைத் தாண்டினால்தான் நிரலில் ஏதோ பிழை.

முதலில் வரைவிலக்கணம். அடுத்தடுத்த நான்கு அமினோ அமிலங்கள். முதலாவதன் அல்பா காபனுக்கும் (அமிலத்தின் நடுக் காபன்) நான்காவதன் அல்பா காபனுக்கும் இடைத்தூரம் 7 அங்ஸ்ட்ரோமுக்குக் குறைவு (அங்ஸ்ட்ரோம், அணுத் தூரங்களை அளக்கும் அலகு). நடு இரண்டும் அல்பா சுருளில் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை விட்டால் ஒவ்வொரு சுருளும் முதலாம் வகைத் திருப்பங்களாக வந்து குவியும், ஏனெனில் சுருளுக்குள் அதே தூரம் 5 அங்ஸ்ட்ரோம் அளவுதான். முதலாவதுக்கும் நான்காவதுக்கும் இடையிலான ஐதரசன் பிணைப்பைக் கட்டாயமாக்காதே. 1968இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வெங்கடாசலம் கணக்கிட்டபோது அந்தப் பிணைப்பிலிருந்துதான் தொடங்கினார். 1973இல் லூயிஸ், மொமனி, ஷெராகா மூவரும் உண்மையான புரதங்களைப் பார்த்து, பிணைப்பில்லாத திருப்பங்களும் நிறைய உண்டென்று தூரத்துக்கு மாறினார்கள். சுருள், திருப்பம் என்று புரதத்துக்குக் குறியிடும் டி.எஸ்.எஸ்.பி. மென்பொருள் போடும் 'டீ' குறியும் இந்த வகைகளும் வேறு வேறு. அது பிணைப்பை மட்டுமே பார்க்கிறது.

இனி கோணங்கள். இரண்டாவது, மூன்றாவது அமிலங்களில் சங்கிலியின் முறுக்குக் கோணங்களான ஃபை, சை நான்கையும் வரிசையாக எடு. முதலாம் வகை: −60, −30, −90, 0. இரண்டாம் வகை: −60, 120, 80, 0. எட்டாம் வகை: −60, −30, −120, 120. முதலிலும் எட்டிலும் முன்பாதி ஒன்றேதான், அதனால் நான்கையும் ஒப்பிடாமல் பெயர் வைக்காதே. உதாரணமாக −62, 133, 78, 5 என்று வந்தால் யோசிக்காமல் இரண்டாம் வகை என்று போடலாம். சகிப்பு ஒவ்வொன்றுக்கும் 30 பாகை, ஏதாவது ஒன்றுக்கு மட்டும் 40 வரை.

உன் நிரல் இங்கேதான் தடுக்கி விழுகிறது என்று நினைக்கிறேன். 160க்கும் −175க்கும் உள்ள வித்தியாசம் 335 அல்ல, 25. வட்டத்தைச் சுற்றிக் கழிக்காவிட்டால் சரியான திருப்பமும் நான்காம் வகைக்குப் போகும். நிரலில் நீ பயன்படுத்தும் பயோபைதன் தொகுதி கோணங்களை ஆரையனில் தருகிறது, பாகைக்கு மாற்றினாயா? சங்கிலியில் கட்டமைப்பு காணாமற்போன இடங்களையும் பார். 45க்குப் பிறகு 49 வந்தால் நிரல் இரண்டையும் பக்கத்தில் இருப்பதாக எண்ணி இல்லாத திருப்பத்தை உண்டாக்கும். இலக்கத்தை நம்பாமல், ஒன்றின் காபனைல் காபனுக்கும் அடுத்ததன் நைதரசனுக்கும் இடைத்தூரத்தை அள, 1.33 அங்ஸ்ட்ரோம் அளவில் இருக்க வேண்டும், 2ஐத் தாண்டினால் அறுந்துவிட்டது. இலக்கம் இடைவிடாமல் போகவும் தேவையில்லை: பிறபொருளெதிரிகளில் 52க்குப் பின் 52ஏ வருவது சாதாரணம். ஓர் அணுவுக்கு இரண்டு மாற்று நிலைகள் கொடுத்திருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள். இரண்டும் கலந்தால் எங்குமில்லாத கோணம் வரும்.

ஆறாம் வகைக்கு ஒமேகாவையும், அதாவது அமிலங்களை இணைக்கும் பெப்ரைட்டுப் பிணைப்பின் முறுக்குக் கோணத்தையும், பார்க்க வேண்டும். மூன்றாவது இடத்தில் புரோலின், அதற்கு முந்திய பெப்ரைட்டுப் பிணைப்பு சிஸ், அதாவது ஒமேகா பூச்சியத்தை அண்டியிருக்கும். இதைச் சோதிக்காமல் கோணத்தை மட்டும் பார்த்துப் பெயரிட்டால், ஒமேகா 180ஐ அண்டிய ட்ரான்ஸ் பிணைப்புள்ளவையும் ஆறில் சேர்ந்துவிடும்.

நிரல் சரியாகியும் ஒரு சிக்கல் மிஞ்சும். முதலாம் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் பெரிய வேறுபாடு, நடுப் பெப்ரைட்டுத் தளம் கிட்டத்தட்ட தலைகீழாகப் புரண்டிருப்பதுதான். 2.8 அங்ஸ்ட்ரோம் பிரிதிறனில் (எண் கூடக்கூடப் படம் மங்கல்) காபனைல் ஒட்சிசன் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பது இலத்திரன் அடர்த்திப் படத்தில் தெளிவாகத் தெரியாது. அந்தப் படத்திலிருந்து கட்டமைப்பைக் கட்டியவரின் ஊகம் உன் அட்டவணையில் வகையாகப் பதிவாகும். இரண்டாம் வகையின் மூன்றாவது இடத்தில் ஃபை நேர்ப் பெறுமானம், அங்கே கிளைசீன் வசதியாக இருக்கும், அஸ்பரஜீனையும் ஏற்கலாம். வாலினோ ஐசோலியூசினோ இருந்தால் அந்தப் படத்தைத் திறந்து பார்க்காமல் எண்ணாதே. ஆகவே உன் தொகுப்பில் 2 அங்ஸ்ட்ரோமுக்கு மேற்பட்டவற்றைத் தனியாக வை.

இத்தனையும் செய்தபின் நான்காம் வகையில் எஞ்சுபவை உண்மையிலேயே வேறு. 2019இல் டன்பிராக் என்பவரின் ஆய்வுக் குழு மிக உயர்ந்த பிரிதிறன் கட்டமைப்புகளைத் திரட்டி 18 வகைகளாகப் பிரித்தது, அதோடு ஒப்பிட்டுப் பார். பழைய பெயர்களைக் காட்டிலும் ராமச்சந்திரன் படத்தின் (ஃபையையும் சையையும் அச்சுகளாக வைத்து வரைவது) பகுதி எழுத்துகளில் பெயர் வைக்கும் அவர்களுடைய முறை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. பெயரைப் பார்த்தாலே கோணம் எங்கே என்று தெரிந்துவிடும்.

நீண்ட லூப்களை, அதாவது சங்கிலியின் வளையங்களை, இதோடு கலக்காதே. ஒமேகா லூப்கள் கோணத்தால் அல்ல, 6 முதல் 16 அமிலங்கள், இரு முனைகளுக்கிடையில் 10 அங்ஸ்ட்ரோமுக்குக் குறைவு என்ற உருவத்தால் வரையறுக்கப்படுபவை. அதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

நான்காம் வகைப் பட்டியலை, ஒவ்வொன்றின் பிரிதிறனையும் சேர்த்து அனுப்பு. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சிவா