புற்றுநோய்க் கட்டியை மஞ்சள் கரைத்தது எங்கே? அதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘புற்றுநோய்க் கட்டியைக் கரைக்கும் மஞ்சள்’ செய்தியைப் படித்தேன். மஞ்சளில் உள்ள குர்குமின் கட்டியின் மரபணுக்களையே மாற்றிவிடுகிறது என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

குர்குமின் மரபணுவில் எழுதியிருப்பதை மாற்றுவதில்லை. எந்த மரபணு விழித்து வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் அது கைவைக்கிறது. செல்லுக்குள் என்.எஃப். கப்பா பி என்றொரு புரதம் உண்டு. பல புற்றுநோய்களில் அது ஓயாமல் இயங்கி, செல் பெருகவும் சாகாமல் தப்பவும் உதவும் மரபணுக்களை எழுப்பிவிடும். குர்குமின் அந்தப் புரதத்தை அடக்குகிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், பொய்யில்லை.

ஆனால் அது தட்டில். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. நோயாளிகளின் இரத்த செல்களில் அந்தப் புரதம் குறையத்தான் செய்தது. அப்படியும், பலனைக் கணிக்க முடிந்த 21 பேரில் ஒருவருக்குத்தான் கட்டி நன்றாகச் சுருங்கியது. அதுவும் கொஞ்ச காலத்துக்கு. இன்னொருவருக்கு 18 மாதத்துக்கு மேல் நோய் வளராமல் நின்றது. விழுங்கும் குர்குமினில் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மஞ்சள் தூளிலோ குர்குமின் பொதுவாக நூற்றுக்கு மூன்று பங்குதான். அந்த 8 கிராமுக்குத் தினமும் கால் கிலோ தூளுக்கு மேல் தின்ன வேண்டும்!

என் அக்காவுக்கு மார்பகத்தில் கட்டி. முதல் கீமோவில் முடி கொட்டியதும் பயந்துபோனார். இப்படியொரு செய்தியை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, இரண்டாவது கீமோவுக்குப் போகாமல் காலையும் மாலையும் மஞ்சளை வெந்நீரில் கரைத்துக் குடித்தார். அவருடைய எவர்சில்வர் டம்ளரின் அடியில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. இரண்டு மாதம் காத்திருந்தோம். நெல்லிக்காய் அளவில் இருந்தது எலுமிச்சை அளவானது.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். பிரித்துச் சுத்தம் செய்து, அளவு பார்த்து, இரத்தக் குழாயில் ஊசி வழியாக மட்டுமே ஏற்றுகிறார்கள். அது மரபணுவை எழுப்பியோ அடக்கியோ வேலை செய்வதும் இல்லை. செல் இரண்டாகப் பிரியும்போது அதற்கு வேண்டிய இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கிறது. இலையை அரைத்துக் குடித்தால் அது விஷம்.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, ஆய்வு தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று முதல் பத்தியில் சொல்லுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் இதைச் சாப்பிடும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். என் அக்காவைப் போன்றவர்கள் தலைப்பைத் தாண்டிப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.