துருவ முன்னர் வீடியோ கோல் எடு, பிள்ளை

இணுவில், யாழ்ப்பாணம்,
கார்த்திகை மாதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். நீயும் மருமகனும் லண்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று நாளாக இங்கே விடாத மழை. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற அளவுக்கு ஏறிவிட்டது. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. போனில் கதைத்தால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று கெதியாக வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டு தரமாவது வாசிப்பாய் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன கதை மனதை விட்டுப் போகவில்லை. கலியாண நாளுக்கென்று ஆசையாக ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். 'புதிதாகத் துருவிய வசாபி' என்று, மூக்கில் ஏறுகிற அந்தப் பச்சைக் கிழங்கின் பெயரை எழுதி, அதற்குத் தனி விலையும் போட்டிருந்தார்களாம். வந்ததோ டியூப்பில் பிதுக்கிய பச்சைக் களி. நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது என்றாய். வாய் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தாய். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில், "கிழங்காக வாங்கலாம் அம்மா, ஆனால் ஒரு கிழங்குக்கு அவ்வளவு காசு கொடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்" என்றாய் பார், அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. விடாதே, பிள்ளை. வாங்கு.

நீ ஜப்பானில் ஷிசுவோக்காவில் படித்த இரண்டு வருடமும் அனுப்பிய மின்னஞ்சல்களை அப்பா அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார். நேற்றிரவு விளக்கு வெளிச்சத்தில் அதை எடுத்து வாசித்தேன். உத்தோகி என்ற மலைக்கிராமத்துக்கு உன் பேராசிரியர் வீட்டார் கூட்டிக்கொண்டு போனதை நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். 400 வருடத்துக்கு முன்னர் வசாபியை முதன்முதலாகப் பயிரிட்ட இடம் அதுதான் என்று ஊரார் சொன்னார்கள் என்றும், மலைச்சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கி, ஒரு படியிலிருந்து மறு படிக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி பாத்தி கட்டியிருந்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். பேராசிரியரின் தாயார் சுறாத்தோல் ஒட்டிய சின்னப் பலகையில் அதை வட்டம் வட்டமாகத் துருவினாராம். "மூக்கால் ஏறி நெற்றியில் நின்றது அம்மா, பிறகு இனிப்பாக இறங்கியது" என்ற வரிக்குக் கீழே அப்பா பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். நீ அங்கிருந்து வந்த பிறகு, 2018இல், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஷிசுவோக்காவின் அந்தப் பாரம்பரியச் செய்கையை உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் செய்தியையும் அப்பா அதே ஃபைலில்தான் வைத்திருக்கிறார்.

முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். அதனால் உன் கதையைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது அம்மம்மாவின் அச்சாறு. நத்தாருக்கு முன்னம் செய்வார், நீயும் பார்த்திருக்கிறாய். கடுகை அம்மியில் வைத்து முதலில் வெறுமனே பொடியாக்குவார். அப்போது ஒரு மணமும் இராது. வினாகிரியை ஒரு சொட்டு விட்டுக் குழவியை இரண்டு தரம் இழுத்ததும் குசினி வாசலில் நிற்கிறவருக்கும் கண் கலங்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரைப்பார். பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் எல்லாவற்றையும் அந்தக் களியில் பிரட்டி, கழுவிக் காயவைத்த போத்தலில் அடைப்பார்.

இதை உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் செய்து காட்டினேன். கடுகுக்குள் சினிகிரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, மைரோசினேசு என்று ஒரு நொதியமும் இருக்கிறது. கலங்களுக்குள் இரண்டும் வேறு வேறாக அடைபட்டுக் கிடக்கும். நசித்துத் தண்ணீர் பட்டதும் ஒன்று மற்றதை உடைக்கும். அப்போது பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேற்று, மூக்கில் ஏறுகிற அந்த உறைப்பு. தாளிக்கிறபோது கடுகு ஏன் கண்ணைக் கரிக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொதிக்கிற எண்ணெயில் நொதியம் செத்துவிடும், பிறகு உடைக்க ஆளில்லை. வினாகிரி விட்டு அரைத்தால் அந்த வேலை மெதுவாக நடக்கும், உறைப்பு மட்டாக இருந்தாலும் நாட்கணக்கில் நிற்கும். வசாபியும் கடுகின் குடும்பம்தான். முள்ளங்கியும் கோவாவும்கூட. வசாபிக் கிழங்கிலும் அதே சினிகிரின், அதே நொதியம். சுறாத்தோலின் நுண்ணிய முள் கலங்களை வடிவாகக் கிழிப்பதால்தான் அந்தப் பலகையில் துருவினால் மணம் கூட. சுறா வறைக்கு வெந்நீர் ஊற்றிச் சுரண்டும்போது கையில் மணல் மணலாக வருமே, அந்த மணல்தான் அங்கே துருவுகிறது.

மிளகாயின் உறைப்பு ஆவியாகாது, நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இது ஆவியாகி மூக்குக்கு ஏறும், ஏறிய கையோடு போயும் விடும். காது கேளாதவர்களைத் தீ விபத்தில் எழுப்புவதற்கு வசாபி மணத்தைக் காற்றில் விடுகிற அலாரம் ஒன்றை ஜப்பானியர்கள் செய்தார்கள், 2011இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு அந்தச் செய்தி எனக்கு இன்னும் நல்லதாகப் படுகிறது.

சரி, நீ ஏமாந்த களிக்கு வருகிறேன். அது ஹோர்ஸ்ரடிஷ் என்ற வெள்ளைக்காரர் ஊர் உறைப்பு வேரின் பொடி, கடுகு, மா, பச்சை நிறம் எல்லாம் சேர்ந்தது. ஹோர்ஸ்ரடிஷும் கடுகுக் குடும்பம், அதிலும் சினிகிரின் உண்டு, அதனால் மூக்கில் ஏறுவது மட்டும் ஒன்றுபோல இருக்கும். அந்தப் பச்சை மணமும் பின்னால் வருகிற இனிப்பும் அதில் இராது. ஜப்பானிய மொழியில் ஹோர்ஸ்ரடிஷுக்கே மேற்கத்திய வசாபி என்றுதான் பெயர், ஆகவே டியூப்பில் வசாபி என்ற எழுத்து இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உனக்கு அந்த எழுத்து வாசிக்க வரும். 'ஹொன்வசாபி' என்பதற்குப் பிறகு என்ன சொல் வருகிறது என்று பார். 'ஷியோ' என்றால் உண்மை வசாபி பாதிக்குக் குறையாமல் இருக்கிறது. 'இரி' என்றால் பாதியும் இல்லை. லண்டனில் அடைத்த டியூப் என்றால் பின்பக்கத்தில் ஈ102, ஈ133 என்று நிற எண்கள் இருக்கலாம். உண்மையானதைத் துருவினால் வெளிறிய பச்சையில், கொஞ்சம் நார் நாராக இருக்கும். பச்சை பெயின்ற் போல வழுவழு என்று இருந்தால் தொடவே தொடாதே.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நம் வேலி முருங்கைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஹோர்ஸ்ரடிஷ் மரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தவர்களுக்குத் தங்கள் ஊர் வேர் கிடைக்கவில்லை. இளம் முருங்கையின் வேரைச் சுரண்டி வினாகிரி விட்டு இறைச்சியோடு தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். முருங்கை வேர்ப்பட்டையில் நஞ்சுப் பொருள் உண்டு, ஆகவே நீ அதைச் செய்து பார்க்காதே. அவர்கள் ஊர் வேரின் இடத்தில் இங்கே முருங்கை வேர், வசாபியின் இடத்தில் அவர்கள் ஊர் வேர். வீடு விட்டுத் தூரம் போன எல்லோரும் ஏதோ ஒன்றை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது.

ஏனென்றால் உண்மையான வசாபி இங்கிலாந்திலேயே வளர்கிறது. டோர்செட், ஹாம்ப்ஷயர் பக்கத்தில் வாட்டர்கிரெஸ் கீரை போட்ட பழைய பாத்திகளில் 2010களின் தொடக்கத்தில் வசாபி நட்டார்கள். கிழங்காகத் தபாலில் அனுப்புகிறார்கள். அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிலத்துக்கடியில் சோக், அதாவது மென்மையான சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, வடிந்து, ஊற்றாக வெளியே வரும்போது மாரி கோடை இரண்டிலும் 10, 11 பாகையில் தெளிந்து ஓடுகிறது. நாங்கள் இருப்பதும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தானே. நம் மழையும் அப்படித்தான் இறங்குகிறது. ஆனால் இங்கே அது கிணறுகளில் நின்றுவிடுகிறது. ஓட்டமென்று பார்த்தால் வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் இந்த மழை நாட்களுக்கு மட்டும். நம் கிணற்றுத் தண்ணீரின் சூட்டுக்கு வசாபி அழுகிவிடும். 10 முதல் 15 பாகைக் குளிரில், நிழலில், ஓடுகிற தண்ணீரில் ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம்வரை நின்றால்தான் கைவிரல் நீளத்துக்குக் கிழங்கு வைக்கும். அதுதான் அந்த விலை.

விலை என்கிறாய். போன வருடம் அங்கே கடையில் வாங்கிய ஒடியல் மாவில், அந்தக் காய்ந்த பனங்கிழங்கு மாவில், கூழ் காய்ச்சி, அது தடிக்காமல் தண்ணீராகவே நின்றது என்று சொன்னாய். வேறு ஏதோ மா கலந்திருக்கிறார்கள். பிறகு நான் அனுப்பிய மா வந்த அன்று சட்டியைப் போனில் காட்டி அழுதாய். அன்று அந்தப் பொதிக்கு நான் கட்டிய கூலி, மாவின் விலையைவிட நாலு மடங்கு. நான் ஒரு நிமிடமும் கணக்குப் பார்க்கவில்லை. உத்தோகியில் நாக்கில் பட்ட வசாபியும் உனக்கு அப்படி ஒன்றுதான். நீ உழைக்கிற பிள்ளை. வருடத்தில் ஒரு நாள் அதற்குக் காசு செலவழிக்க உனக்கு உரிமை இருக்கிறது.

சின்னதாக ஒன்று எடு, இரண்டு பேருக்குத் தாராளம். வந்ததும் ஈரத்துணி அல்லது ஈரக் காகிதத்தில் சுற்றிப் ஃபிரிட்ஜில் வை. இரண்டு நாளுக்கு ஒருக்கால் கழுவித் துணியை மாற்று, இரண்டு வாரம் தாங்கும். துருவுகிற அன்று இலைக்காம்புப் பக்கத்தை வெட்டி, மேலிருக்கும் முடிச்சுகளைக் கத்தி முதுகால் சுரண்டிவிட்டு, அந்த இலைப் பக்கத்திலிருந்தே துருவத் தொடங்கு. அவசரப்படாதே, மெதுவாக வட்டமாக. சுறாத்தோல் பலகை கிடைக்காவிட்டால் இருக்கிறதிலேயே மிக நுண்ணிய திருவி போதும், தேங்காய் திருவுகிற மாதிரிப் பெரிதாக வரக் கூடாது. துருவி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் மணம் எழும்பும். கால் மணித்தியாலம் தாண்டினால் இறங்கத் தொடங்கும். ஆகவே சோறு முதலில் தயாராக இருக்க வேண்டும், துருவல் கடைசியில். சோயா சோஸில் கரைத்துவிடாதே.

பச்சை மீன் மருமகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அது வேண்டாம். ஷிசுவோக்காவின் இசு பக்கத்தில் சூடான சோற்றின் மேல் கட்சுவோபுஷிச் சீவலைத் தூவி, மேலே வசாபி வைத்து, சோயா சோஸ் சொட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். கட்சுவோபுஷி எது? சூரை மீனை அவித்து, புகைபிடித்து, காயவைத்தது. நம் மாசிக் கருவாடும் அதே சூரைதான், அதே வேலைதான். மூன்றாம் வீட்டு மாமியின் மகன் மார்கழி நடுப்பகுதியில் லண்டன் வருகிறான். அவனிடம் ஒரு போத்தல் மாசித்தூள் தந்துவிடுகிறேன். வெயில் எறித்ததும் காயப்போட்டு, உரலில் இடித்து, நுண்ணியதாகச் சலித்து அடைத்துத் தருவேன். கடைத் தூள் வாங்காதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். உங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டரை என்றால் இங்கே ஆறு மணி, விளக்கு வைத்துவிட்டு அப்பா முன்விறாந்தையில் இருப்பார். சோற்றைக் கோப்பையில் போட்டு, மாசியைத் தூவிவிட்டு, கிழங்கைக் கையில் எடுத்ததும் வீடியோ கோல் எடு. துருவி முடிந்த பிறகு எடுக்காதே. முதல் வாய் வைக்கிறபோது உன் முகத்தை நாங்கள் இருவரும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா