துப்பாக்கியோடு தாளையும் கொடுங்கள்: பழைய படைத்துப்பாக்கி சேகரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த சேகரிப்பாளர்களே,

நூறு வருடத்துப் போர்த்துப்பாக்கி அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது இரும்பும் மரமும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் தலைக்குள் இருப்பதுதான் போய்ச் சேர்வதில்லை. எந்த போல்ட் (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் உருளை) எதற்கு உரியது, எதைச் சுடவே கூடாது, எதனுள் இன்னும் வெடிமருந்து இருக்கலாம் என்பதெல்லாம் உங்களோடு போய்விடுகிறது. பழைய ஆயுதங்களைப் பழுதுபார்ப்பதும் அடையாளம் கண்டு பட்டியலிடுவதும் எங்கள் வேலை. நாளை உங்கள் அலமாரியைத் திறக்கப்போகும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்: உங்களுக்குத் தெரிந்ததைத் துப்பாக்கிக்கு ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டது. குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி உங்களிடம் இருந்தால், அது வெறுமையாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஈரம் படாமல் அடைபட்டுக் கிடக்கும் கரிமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். சோதிப்பது எளிது. முகவாய்க்கு, அதாவது குழலின் முன்வாய்க்கு, நேரே முகத்தையோ உள்ளங்கையையோ கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்கோலைக் குழலுக்குள் மெதுவாக இறக்குங்கள். அது போய் நின்ற இடத்தில், முகவாய் விளிம்போடு ஒட்டி, கோலில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, கோடு முகவாயில் இருக்கும்படி குழலின் மேல் நீளவாக்கில் வையுங்கள். கோலின் நுனி மருந்துக்குத் தீ போகும் பற்றுத்துளை வரை, அல்லது தீ மூட்டும் சிறு மூடியான கேப்பு மாட்டும் முனை வரை வந்தால் குழல் வெற்று. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாக இருக்கலாம், கந்தையாக இருக்கலாம். ஆனாலும் குண்டும் மருந்தும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பிரிட்டிஷ் படைத்துப்பாக்கிகளான பிரவுன் பெஸ்ஸின் இந்தியா பேட்டர்னுக்கும் 1853 பேட்டர்ன் என்ஃபீல்டுக்கும் குழல் நீளம் 39 அங்குலம். அதில் கோல் 35 அங்குலத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். சூடு காட்டுவது, துளை போடுவது, கேப்பு வைத்துச் 'சுட்டுக் காலி செய்வது' எல்லாமே கையையும் கண்ணையும் பறிக்கும் வழிகள். அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

போல்ட் வகையில், வெறுமையா என்று பார்க்கும் வரிசை முக்கியம். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின் கழற்றக்கூடியதாக இருந்தால் அதை முதலில் கழற்றி, அதன் பிறகே போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறையைப் பார்க்க வேண்டும். போல்ட்டை முதலில் இழுத்துவிட்டு, மேகசினைக் கழற்றாமல் மூடினால், பத்துத் தோட்டா கொள்ளும் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிக்கொள்ளும். பார்த்தால் போதாது, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். பிரான்சின் 1886 லெபெல் போன்றவை இன்னும் ஏமாற்றும். அதன் மேகசின் குழலுக்கு அடியில் மரத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு குழாய். 8 தோட்டா வரை வெளியே தெரியாமல் கிடக்கும். இப்படிப்பட்டதற்கு விசைக்காப்பில் (விசையைச் சுற்றிய வளையத்தில்) ஒரு சீட்டுக் கட்டி, 'பார்த்தது, வெற்று' என்று தேதியோடு எழுதுங்கள். வாரிசும் அதை நம்பிவிடாமல் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள்.

அடுத்தது, கேட்கவே வலிக்கும் விஷயம். உப்புத்தாள். துப்பாக்கியின் மரக்கட்டை கறுத்துப்போய்விட்டதே என்று நல்லெண்ணத்தோடு தேய்த்து, வார்னிஷ் பூசி, பளபளவென்று வைப்பவர்கள் சேகரிப்பாளர்களிலேயே இருக்கிறார்கள். அந்த ஒரு மாலை வேலையில் ஆய்வாளர் முத்திரைகளும் படைப்பிரிவு எண்களும் மரத்தூளாகப் போய்விடுகின்றன. அவற்றைத் திரும்பக் கொண்டுவர எவராலும் முடியாது. அசிங்கமாகத் தெரியும் கீறலே பல நேரம் சாட்சி. ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியின் மேல் பேரரசரின் சின்னமான 16 இதழ்ச் செவ்வந்தி அரைத்து அழிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1945 சரணடைவை ஒட்டி நடந்தது. அதை மறுபடி செதுக்குவது பொய் எழுதுவதற்குச் சமம். ஜெர்மானிய மவுசர் 98கே ஒன்றின் போல்ட்டில் மின்பேனாவால் கிறுக்கியதுபோல எண் இருந்தால், போரில் கைப்பற்றிய துப்பாக்கிகளைச் சோவியத் கிடங்குகளில் பிரித்துப் பூட்டியபோது எழுதிய எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். ரஷ்ய மோசின்-நகாந்த் ஒன்றில் சதுரத்துக்குள் 'எஸ் ஏ' என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் இருந்தால் அது ஃபின்லாந்துப் படைக்குச் சொந்தமாக இருந்தது. சோவியத் கிடங்கிலிருந்து வந்த கட்டைகளில் பலவற்றுக்கு அரக்குப் பூச்சு. அதை ஸ்பிரிட்டால் துடைத்தால் பூச்சு கரைந்து கையோடு வந்துவிடும்.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம், கொஞ்சமாக. துருவில் இரண்டு வகை. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டுவது இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது, அதை நிறுத்தியாக வேண்டும். பழுப்பாக, கெட்டியாக, பொடி விடாமல் படிந்திருப்பது வயதின் தோல், அது அப்படியே இருக்கட்டும். செந்துருவின் மேல் மெல்லிய எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டுவிட்டு, செப்புத் தகட்டின் விளிம்பால் பதமாகச் சுரண்டினால் துரு வரும், இரும்பின் மேலுள்ள நீலமெருகு அவ்வளவாகப் போகாது. எஃகு நாரால் தேய்த்தால் நீலமெருகு முதலில் போய்விடும். மரத்துக்கு உலர்ந்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். மிகவும் வறண்டிருந்தால் மட்டும் ஆளி விதை எண்ணெயை இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துத் தடவலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

திருகுகளும் அப்படித்தான். ஆப்புபோல முனை கூர்ந்த சாதாரணத் திருப்புளி வெட்டுக்குள் முழுதாக உட்காராமல் விளிம்பைப் பிய்த்துவிடும். இருபக்கமும் இணையாக இருக்கும் முனையை, வெட்டின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகத் தேய்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள். முடிந்தவரை பிரிக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள், சுத்தம் செய்யும்போது போல்ட்டுகளை மாற்றிவிடாதீர்கள். எண் பொருந்தாவிட்டால் மதிப்புக் குறைவது ஒருபுறம் இருக்கட்டும். அறைக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகப் பொருத்தப்பட்டது. லீ-என்ஃபீல்டு நம்பர் 4-க்கு இந்த இடைவெளியைச் சரிசெய்யவே 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருந்தன. இடைவெளி மிஞ்சினால் தோட்டாக்கூடு அறைக்குள்ளேயே கிழிந்து, வெடிவாயு சுடுபவர் முகத்தை நோக்கிப் பாயும்.

சில துப்பாக்கிகள் எண் பொருந்தினாலும் ஆபத்தானவை. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்த 800,000-க்குக் கீழ்ப்பட்ட எண்களும், ராக் ஐலண்டில் செய்த 285,507-க்குக் கீழ்ப்பட்ட எண்களும் சுடத் தகாதவை. உலைச் சூட்டைக் கண்ணால் பார்த்தே கணித்த காலம் அது. வெளிச்சம் அதிகமான நாளில் இரும்பின் சிவப்பு மங்கித் தெரிய, சூடு கூடிப்போய், இரும்பு நொறுங்கும் தன்மை அடைந்தது. கனடாவின் ராஸ் மார்க் 3-ல் பிரித்த போல்ட்டைத் தவறாகச் சேர்த்து மாட்டினாலும் அது மூடிக்கொள்ளும், ஆனால் தாழ் விழாது. இவற்றுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டுங்கள். 'சுடக் கூடாது' என்பதோடு, ஏன் கூடாது என்பதையும் எழுதுங்கள். காரணம் இல்லாத தடையைப் பேரன் மீறிப் பார்ப்பான்.

வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் இரும்பும் துருப்பிடிக்காது, மரமும் வெடிக்காது. பஞ்சு வைத்த பெட்டி பயணத்துக்கு மட்டும்தான், அதன் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். தோல்வார்களைக் கழற்றித் தனியே வையுங்கள். தோலில் உள்ள அமிலம் இரும்பை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பை வரவழைக்கும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றி முகவாய் மேலே இருக்கும்படி நிறுத்தினால், எண்ணெயெல்லாம் கீழிறங்கிக் கைப்பிடி மரத்தில் ஊறும். அந்த மரம் பஞ்சுபோல மெத்தென்று ஆகிவிடும். சுடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1950-களுக்கு முந்தைய படைத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றுமருந்து (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் மருந்து) குழலில் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது. அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் போட வேண்டும்.

இனி தாள். ஒரு துப்பாக்கிக்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம், உங்கள் கண்ணால் பார்த்தது: எண், முத்திரை, அது எந்த உறுப்பில் இருக்கிறது, எந்த உறுப்பின் எண் பொருந்தவில்லை, நீங்களே மாற்றிய உறுப்பு எது, கழற்றிய பழைய உறுப்பு எந்த டப்பாவில் இருக்கிறது. வலப்பக்கம், கேள்விப்பட்டது: யார் கொண்டுவந்தார், எந்தப் போரில், யார் சொன்னார். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கைப்பிடி வளையத்தில் 1918 என்று ஆண்டு பொறித்த லீ-என்ஃபீல்டை 1915 கலிப்போலிப் போரோடு சேர்த்துச் சொல்லும் குடும்பக் கதை இருக்கலாம். கதையை அழிக்க வேண்டாம், கதை என்று குறித்தால் போதும். போர்முனையிலிருந்து கொண்டுவர அனுமதித்த சான்று, கடிதம், ரசீது ஏதாவது இருந்தால், அது துப்பாக்கியைவிட்டுப் பிரிந்த நாளில் பாதி வரலாறு போய்விடும். உங்கள் பெயரை மட்டும் இரும்பில் வெட்டாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். 'பழம்பொருள்' என்ற கோடு ஓரிடத்தில் செய்த ஆண்டைப் பார்க்கிறது, இன்னோரிடத்தில் தோட்டா வகையைப் பார்க்கிறது. உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களோடு முடிகிறது. மறுநாளே வீட்டிலிருப்பவர் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடலாம். யாருடைய பெயருக்கு, எந்த வழியில் மாறும் என்பதை உயிரோடிருக்கும்போதே உரிம அலுவலகத்தில் கேட்டுத் தாளில் எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு இதில் விருப்பமே இல்லையென்றால் அதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. யாரிடம் நேர்மையாக விற்கலாம், எந்த அருங்காட்சியகம் ஏற்கும் என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் அந்த வீட்டில் இல்லை.

தாள்களின் ஒரு பிரதியை அலமாரிக்குள் வையுங்கள், இன்னொன்றை வெளியே, குடும்ப ஆவணங்களோடு. பூட்டின் எண் தெரியாததால் இரும்பு அலமாரியை அறுத்துத் திறக்க நேர்ந்தால், அறுக்கும் பொறியின் தீப்பொறி முதலில் விழுவது உள்ளே நிற்கும் கட்டைகளின் மேல்தான். அந்த எண் யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பட்டியலிடுவோர் சிலர்