மெட்டுக்குள் இருக்கும் சுதந்திரம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. காலி வீதியில் பஸ் நகராமல் நின்ற நேரமெல்லாம் உன் கடிதத்தைத்தான் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

மெட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால் பாட்டாசிரியனுக்கு ஏது சுதந்திரம், கவிஞன்தான் சுதந்திரமானவன் என்று எழுதியிருந்தாய். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வெண்பா எழுதியவனுக்கும் கட்டு இருந்ததே! நீயும் நானும் ஒரு காலம் விழுந்து விழுந்து வாசித்த பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், 1943இல் வந்த தன் பெரிய புத்தகத்தில் இதைத்தான் பேசுகிறார். பிறந்த இடம், கடந்த காலம், சுற்றியுள்ள மனிதர், எதையும் நாம் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அதற்குள் நின்று என்ன செய்கிறோம் என்பது நம்முடைய பொறுப்பு. பாறை தடையாகத் தெரிவது ஏற நினைப்பவனுக்கு மட்டும்தான் என்கிறார். மெட்டும் அப்படித்தான்.

சார்த்தரே பாட்டு எழுதியவர், தெரியுமா? தன் நாடகத்துக்கு எழுதிய ஒரு பாட்டைப் பாடகி ஜூலியட் கிரேக்கோவுக்குக் கொடுத்தார், இசை கொஸ்மா. 1938இல் வந்த சார்த்தருடைய முதல் நாவலில், வாழ்க்கையே குமட்டுகிற ஒருவனுக்கு ஓர் ஓட்டலில் ஒலிக்கும் ஜாஸ் இசைத்தட்டுத்தான் மூச்சு விட இடம் கொடுக்கிறது. அந்தப் பாட்டை ஒரு யூதர் எழுத, கறுப்பினப் பெண் பாடுவதாக அவன் கற்பனை செய்கிறான். உண்மையில் எழுதியவர் ஷெல்டன் புரூக்ஸ் என்ற கறுப்பினத்தவர்; பாடிப் புகழ்பெறச் செய்தவர் சோஃபி டக்கர் என்ற யூதப் பெண். இப்படித் தலைகீழாக நினைத்தும் அவன் கடைசியில் தானும் ஒரு புத்தகம் எழுதலாம் என்று எழும்புகிறான். யாரோ யாருக்கோ எழுதியதைக் கேட்கிறவன் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். பாட்டின் சுதந்திரம் அங்கேதான் பிறக்கிறது என்று நம்புகிறேன்.

சிட்டுக்குருவி போல விடுதலையாகி நிற்கச் சொன்ன பாரதியை உனக்குப் பிடிக்கும். எனக்கு இன்னும் நெருக்கமானவன், வேடிக்கை மனிதரைப் போலே வீழ்வேன் என்று நினைத்தாயோ என்று பராசக்தியிடமே கேட்கிறானே, அந்தப் பாரதி. குருவிக்குத் தெரிவு கிடையாது. சோறு தின்று, சின்னக் கதை பேசி, நரைத்து மாய்வதுதான் வாழ்க்கை என்று ஊரே இருக்கும்போது, நான் மாட்டேன் என்று சொல்ல மனிதனால்தான் முடியும்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். நீ கவிதையை விட்டதற்கு வேலையையும் குளிரையும் சாட்டுச் சொல்கிறாய். அடுத்த கடிதத்தில் நாலு வரியாவது எழுதி அனுப்பு. எழுத விருப்பமில்லை என்றால் அதையும் நேரே சொல்லு. அதுவும் உன் தெரிவு, மதிப்பேன். சாட்டு மட்டும் வேண்டாம்.

மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி