மகளுக்கு, நைட்ரிக் ஆக்ஸைடு பற்றிச் சில கேள்விகள்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். சித்தப்பா வந்துவிட்டுப் போனார். பழைய கதைதான், விடு. அம்மாவிடம் நீ வேலை விஷயமாக வெளியூர் போகிறாய் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

'இடிமேகத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு அளக்க விமானத்தில் போகிறோம், அப்புறம் பேசுகிறேன்' என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சரி, வேலை இருக்கும். அதற்குள் நானே படித்துக்கொண்டேன்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் அணுக்கள் இரண்டும் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் லேசில் எதோடும் சேராது. மின்னல் பாயும் தடத்தில் வெப்பம் 30,000 டிகிரி வரை போகிறதாம். அந்தச் சூட்டில் எளிதாக உடைவது ஆக்ஸிஜன்தான். தனியான ஆக்ஸிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. மிஞ்சிய நைட்ரஜன் அணு வேறோர் ஆக்ஸிஜன் மூலக்கூறிடம் போய் இன்னொன்றை உண்டாக்குகிறது. சோவியத் விஞ்ஞானி செல்டோவிச் சொன்ன வழி இது. மெதுவாக ஆறினால் எல்லாம் பழையபடி நைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்துவிடும். தடம் கண்மூடித் திறப்பதற்குள் ஆறிவிடுவதால் திரும்பிப் போக நேரமில்லாமல் அப்படியே தங்கிவிடுகிறது. பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை, வேதியியல்தான்.

ஒரு மின்னலுக்குச் சராசரியாக 250 மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலார் வைத்திருக்கும் அலகு) நைட்ரிக் ஆக்ஸைடு என்று பல கணக்குகளில் வைத்துக்கொள்கிறார்கள். அதில் நைட்ரஜன் மட்டும் சுமார் மூன்றரை கிலோ. உலகமெங்கும் விநாடிக்குச் சுமார் 45 மின்னல் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் டன் வருகிறது. நீங்களோ 20 லட்சத்திலிருந்து 80 லட்சம் வரை என்கிறீர்கள். இவ்வளவு இடைவெளி ஏன்? அதைக் குறைக்கத்தான் அவ்வளவு உயரத்துக்குப் போய் அளக்கிறீர்களா? மேலே அது பல நாள் தங்கி ஓசோனை உண்டாக்குகிறது என்பதும், மழையோடு நைட்ரேட்டாக இறங்குகிறது என்பதும் புரிந்தது. மண்ணுக்கு வரும் உரத்தில் பாக்டீரியாவின் பங்கு இதைவிடப் பல மடங்கு. பள்ளியில் மின்னலைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டார்கள்.

விமானத்தைத் தாக்கும் மின்னல்களில் பெரும்பாலானவற்றை விமானமே தூண்டிவிடுகிறது என்றும் படித்தேன். உலோக உடல் வழியாக வெளியே பாய்ந்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் போட்டிருந்தது. அளப்பவர்கள் பெரும்பாலும் மேகத்தின் நடுவே நுழைவதில்லையாமே, மேலே விரிந்து பரவும் பகுதியில்தானாமே? பெல்ட்டைப் போட்டுக்கொள். குலுங்கும்போது கருவியைப் பிடிக்கிறேன் என்று எழுந்து நிற்காதே.

2012இல் அமெரிக்காவில் கொலராடோ, ஓக்லஹோமா மேலே பறந்தவர்களின் கருவி, காற்றில் உள்ள மாசுகளைச் சிதைக்கும் ஹைட்ராக்ஸிலின் அளவை நம்பமுடியாத அளவுக்கு அதிகமாகக் காட்டியதாம். கருவிக் கோளாறு என்று நினைத்துப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்து, 2021இல்தான் அது மின்னலின் வேலை என்று வெளியிட்டார்கள். உன் கருவியும் விசித்திரமாக எதையாவது காட்டினால் எறிந்துவிடாதே. நைட்ரிக் ஆக்ஸைடை ஓசோனோடு கலந்து, அப்போது எழும் ஒளியை எண்ணி அளப்பீர்கள் என்று தெரிந்ததும் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இரண்டு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் அண்ணனாவது எடுத்துவிட்டுத் திட்டுவான்.

எந்த நாள் பறக்கிறாய் என்று எழுது. தேதி மட்டும் போதும், அம்மாவிடம் சொல்லமாட்டேன். பெல்ட்டை மறக்காதே. இறங்கியதும் இறங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு. 250 மோல் சரியா தப்பா என்பதை மெதுவாகச் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா