நச்சுக்கொடியைப் பார்க்காமல் புதைக்க விடாதே

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ பிரசவம் பார்த்த பிள்ளையின் விரலில் நூல் கட்டி இறுக்கியதுபோல் பள்ளம் விழுந்திருப்பதாகவும், கிரகணத்தன்று தாய் அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் என்று மாமியார்க்காரி ஏசுவதாகவும் எழுதியிருந்தாய். முதலில் அந்தப் பழியைத் தீர்த்துவை.

பனிக்குடத்துக்கு இரண்டு தோல். வெளித்தோல் கர்ப்பப்பையை ஒட்டியிருக்கும், உள்தோல் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் உள்தோல் மட்டும் கிழிந்து, அதன் இழைகள் பிள்ளையின் விரலிலோ காலிலோ சுற்றிக்கொள்வதாகத்தான் பெரும்பாலான டாக்டர்கள் விளக்குகிறார்கள். பிள்ளை வளரும், இழை வளராது, அதனால் இறுகும். கொஞ்சம் இறுகினால் பள்ளம், மேலும் இறுகினால் அதற்குக் கீழே வீக்கம், ரத்தமே போகாதபடி இறுகினால் விரல் இல்லாமலே பிறக்கும். விரல் நுனிகள் ஒட்டியிருப்பதும் பாதம் உள்ளே வளைந்திருப்பதும் இதோடு சேர்ந்து வரலாம். இது பரம்பரை நோயல்ல. அடுத்த பிள்ளைக்கும் வருவது மிக அபூர்வம். இதை மாமியாரிடம் நீயே சொல். மருமகள் வாயால் சொல்லவைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

பள்ளத்துக்குக் கீழே விரல் நுனியை அழுத்தி விடு. வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. பிறகு ஒரு நாள் அறுவை டாக்டரிடம் காட்டலாம். நீலமாக, சில்லென்று, வீங்கிக்கொண்டே இருந்தால் அன்றே அனுப்பு. நூல்தானே என்று கத்தரிக்கோலை எடுக்காதே. அங்கே பிள்ளையின் சதையேதான் உள்வாங்கியிருக்கிறது. கால்விரல், கணுக்கால் எல்லாம் பார்த்தாயா?

பிள்ளைக்குப் பின்னால் வரும் நஞ்சு விழுந்ததுமே வீட்டுக்காரர்கள் புதைக்கச் சட்டியோடு வாசலில் நிற்பார்கள். ஐந்து நிமிடம் நிற்கட்டும். தொப்புள்கொடியைப் பிடித்துத் தூக்கு, பனிக்குடத்துத் தோல் ஒரு பைபோல் தொங்கும். பிள்ளை வந்த ஓட்டை வழியாகக் கையை உள்ளே விட்டு விரித்து, விளக்குக்கு எதிரே பிடி. தோல் முழுதாக இருக்கிறதா, துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று தெரியும். நஞ்சின் ஓரத்தைத் தாண்டி ஒரு ரத்தக்குழாய் தோலில் ஓடி, கிழிந்த ஓட்டையில் முடிந்தால், துண்டு நஞ்சு ஒன்று வயிற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ரத்தப்போக்கு வரும்முன் ஆஸ்பத்திரிக்கு ஏற்று. தோல் பளபளப்பாக, ஒளி ஊடுருவ இருந்தால் நல்லது. மங்கி, நாற்றமடித்தால் கிருமி புகுந்திருக்கிறது. உள்தோலில் ஒட்டிய சிறு மணிபோன்ற சாம்பல்மஞ்சள் முடிச்சுகள் இருந்தால், வெகுநாள் பனிநீர், அதாவது பனிக்குடத்து நீர், குறைவாக இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை மூச்சுத் திணறுகிறதா, ஒரு நாளுக்குள் சிறுநீர் போகிறதா என்று கவனி. நுரையீரல் விரிந்து வளரப் பனிநீர் வேண்டும், அந்த நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர்தான். கொடி ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பயப்படாதே, அவை சாதாரணம்.

கொடி நஞ்சில் ஒட்டாமல் தோலில் ஒட்டுவதும் உண்டு. அந்தக் குழாய்கள் கர்ப்பவாய்க்கு மேலே குறுக்கே ஓடினால், குடம் உடையும்போதே அவையும் கிழியும். வருவது தாயின் ரத்தமல்ல, பிள்ளையின் ரத்தம். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் இருப்பதே சுமார் 250 மில்லி. குடம் உடைந்தவுடன் ரத்தமும் கண்டு, பிள்ளையின் இதயத்துடிப்பும் இறங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே.

உன் ஊரில் அடிக்கடி வரப்போவது வேறு: வலி வருமுன் குடம் உடைவது. பர்மியப் பெண்கள் ‘யேம்வா பௌக்’ (குடம் உடைந்தது) என்று வந்து நிற்பார்கள். உடைந்த மணியை முதலில் எழுது. பின்னால் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். சிறுநீரா பனிநீரா என்ற சந்தேகத்துக்குச் சிவப்பு லிட்மஸ் தாள்: பனிநீர் காரம், நீலமாக்கும். ரத்தமும் விந்தும் கிருமிநாசினியும்கூட நீலமாக்கும், ஆகவே தாளை மட்டும் நம்பாதே. வெள்ளைத்துணி வைத்து நிறத்தையும் மணத்தையும் பார். பச்சையாக வந்தால் பிள்ளை உள்ளேயே காட்டுப்பீ, அதாவது முதல் மலம், கழித்திருக்கிறது. வலி இல்லாதவளுக்கு விரல் விட்டுச் சோதிக்கவே கூடாது, ஒவ்வொரு விரலும் கிருமியை மேலே ஏற்றும்.

37 வாரத்துக்குள் உடைந்தால் சம்பான் படகில் ஆஸ்பத்திரிக்கு ஏற்று. ஆற்றில் நீர்ப்பெருக்குக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையின் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. இடப்பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கவை. தலை இறங்காத பிள்ளைக்குக் கொடி முன்னால் நழுவும் ஆபத்து உண்டு. கிருமித்தொற்றைத் தடுக்கத் தாய்க்கு மருந்து டாக்டர் எழுதுவார், அளவு உனக்கும் தெரிந்திருக்கட்டும்: எரித்ரோமைசின் 250 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை, 10 நாள். கோ-அமாக்சிகிளாவ் வேண்டாம், பிள்ளையின் குடல் அழுகும் நோய் அதனால் கூடுவது 2001 ஆய்விலேயே தெரிந்துவிட்டது. 34 வாரத்துக்குள் என்றால், கிருமித்தொற்று இல்லாதபோது, நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி.

தாய்க்கு 38 டிகிரி காய்ச்சல், நாடி 100க்கு மேல், பிள்ளைத் துடிப்பு 160க்கு மேல், தொட்டால் வயிறு நோவு, நாறும் நீர் என்று அறிகுறிகள் சேர ஆரம்பித்தால் பனிக்குடத்தில் தொற்று. அப்போது பிரசவத்தைத் தள்ளிப்போட இடமில்லை.

உடைந்து 18 மணி கடந்து பிறந்த பிள்ளை நன்றாக அழுதாலும் அன்று வீட்டுக்கு அனுப்பாதே. கிருமியைக் கொல்லும் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் குறைந்தது இரண்டு நாள் போடச் சொல்வார்கள். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, உடம்பு சில்லிடுவது, இவற்றைப் பார். பச்சைப்பிள்ளைக்குக் கிருமி ஏறினால் காய்ச்சல் வரும் என்று காத்திருக்காதே. பல நேரம் குளிர்ந்துதான் போகும்.

லிட்மஸ் தாள் இரண்டு கட்டு பியாப்போன் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். இறுக மூடும் டப்பாவில் வை, மழைக்கால ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

அன்புடன்,
அம்மா